கேட்டால்

பென்னி நாணயத்தைத் தலைகீழாகப் பிடித்து
டயரின் பள்ளத்தில் செருகினேன்.
தாடிக்காரரின் உச்சந்தலை தெரிந்தால்
மாற்றும் நேரம் வந்துவிட்டது என்பது இங்கே கணக்கு.
எனக்கு நெற்றி தெரிந்தது.
முன் இடதில் புருவமும்.

தினமும் காலை ஐந்தரைக்கு டார்ச் அடித்து
மஞ்சள் பஸ்ஸின் ஆறு டயரையும் தட்டிப் பார்த்துக்
கையெழுத்துப் போடுகிறவள் நான்.
அது பள்ளிக்கூடத்துப் பஸ்.
இது என் கார், அதனால் பார்க்கவில்லை.

துலூத் நகரம் மலையிலிருந்து
நேராக ஏரிக்குள் இறங்குகிறது.
பனி விழுந்துவிட்டால் எங்கள் தெருவில்
பிரேக் என்பது ஒரு வேண்டுதல்.
இன்று அக்டோபர் பதினேழு.

கார் வாங்கிய ஷோரூமில் ப்ரெண்ட்
திரையை என் பக்கம் திருப்பினான்.
ஆயிரத்து இருநூற்று அறுபத்து நாலு டாலர்,
எண்பது சென்ட்.
மாட்டக் கூலி, சமன் செய்யக் கூலி,
பழைய நாலையும் அடக்கம் செய்ய இருபது.
"கடைப் பொருட்கள்" என்று பதினைந்து.
என்ன பொருட்கள் என்றேன்.
"துணி மாதிரி" என்றான்.
காபி மட்டும் இலவசம். நன்றாகத்தான் இருந்தது.

காலை டிரிப்புக்கும் மதிய டிரிப்புக்கும் நடுவே
ஸ்டியரிங் மேல் ஒரு கவரை வைத்துக் கணக்குப் போட்டேன்.
மொத்தவிலைக் கடையில் தொள்ளாயிரத்துப் பதினொன்று;
உறுப்பினர் சந்தா தனி, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.
பனி அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு வருவதில்லை.
இணையத்தில் எழுநூற்று நாற்பத்தெட்டு,
வாசலில் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள்.
மாட்ட இன்னொருவனைப் பிடிக்க வேண்டும்,
சக்கரத்துக்கு முப்பத்தைந்து.
ஆக எண்ணூற்று எண்பத்தெட்டு.
அடிக்கோடு போட்டேன். பேனா கவரைக் கிழித்தது.

ரயில் பாலத்துக்குக் கீழே டூவா ஹெர் கடை.
பழைய டயர், ஒன்று ஐம்பத்தைந்து, மாட்டுக்கூலி உட்பட.
பக்கவாட்டில் நாலு இலக்கம் பொறித்திருந்தது:
பதினேழாம் ஆண்டு, முப்பத்தைந்தாவது வாரம்.
அந்த வாரம்தான் நான் பஸ் லைசென்ஸ் எடுத்தேன்.
ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகும் என்று
அவரே விரலால் வெடிப்பைக் காட்டினார்.
"எங்கே வீடு?"
சொன்னேன்.
"அந்த மேட்டுக்கா? என்னிடம் வாங்காதே.
ட்ரெய்லருக்கு வேண்டுமென்றால் மே மாதம் வா."
அடுத்தவர் காரை ஜாக்கி வைத்துத் தூக்கப் போய்விட்டார்.

கவரோடு ப்ரெண்டிடம் திரும்பினேன்.
சண்டை போடுவதற்கான வாக்கியங்களை
வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
ஒன்றும் தேவைப்படவில்லை.
கவரைப் படித்தான். ஏதோ தட்டினான்.
"எண்ணூற்று எண்பத்தெட்டு. சரியா?"

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றேன்.
"நீங்கள் கேட்கவில்லையே."
குரலில் கேலி இல்லை.
மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். சரி.
பதினோரு வருடமாக இதே மேஜையில்
பேட்டரி, பிரேக், பெல்ட், வைப்பர் என்று
நான் வாய் திறக்காமல் நீட்டிய கார்டு?
முந்நூற்று எழுபத்தாறு டாலர் எண்பது சென்ட்,
இன்று ஒரு கேள்விக்கு.
மற்ற நாட்களைக் கூட்டவில்லை.
கவரில் இடமும் இல்லை.

சாயங்காலம் பார்க்கிங்கில் ஆர்வில் லிண்ட்குவிஸ்ட்,
மூன்றாம் மாடிக்காரர், எழுபத்தெட்டு வயது,
போன வாரம் மாற்றிய தன் டயரைப்
பசுவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்.
"ப்ரெண்ட் தங்கமான பையன்.
ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் ஆயிற்று.
ஆனால் காபி, அடடா!"
குனிந்து என் டயரைப் பார்த்தார்.
"உன்னுடையதும் இதேதானா?"
"இதேதான்" என்றேன்.
நல்ல டயர் என்றார். உண்மைதான்.

எவ்வளவு ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.
அப்படிக் கேட்கிற வழக்கம்
எங்கள் கட்டிடத்தில் இல்லை.